குளத்தைத் தேய்க்காதீர்கள்

புதிதாக ஒரு வீட்டுக் குளத்தைப் பார்க்கப் போனால் நான் மீனைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முட்டி போட்டு உட்கார்ந்து முதலில் ஓர் அல்லி இலையைத் திருப்புவேன். அடியில் நத்தை முட்டை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் பூச்சிகள், கொஞ்சம் வழுவழுப்பு, இவை இருந்தால் நிம்மதி. பிறகு குளத்துச் சுவரை விரலால் தடவுவேன். மெல்லிய பாசி படர்ந்து வழுக்கினால் சரி. சொரசொரவென்று வெறும் சிமென்ட் தட்டுப்பட்டால், யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அந்த வீட்டில் ஏன் மீன் தங்குவதில்லை என்று அதற்குமேல் துப்பறிய வேண்டியதில்லை.

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத் தோட்டங்களில் குளம் கட்டிக் கொடுப்பதும் அவற்றைப் பராமரிப்பதும் என் பிழைப்பு. தொழில் பழகியது கொளத்தூரில், ஒரு வண்ண மீன் கடையில். கொளத்தூர் மீன் கடைகளுக்குப் பேர் போன இடம். கடைக்குப் பின்னாலும் மொட்டை மாடியிலும் தொட்டிகள், ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் வந்து இறங்கும் கப்பி, மோலி, தங்க மீன், ஏஞ்சல். வேலைக்குச் சேர்ந்த பையன் கையில் வலையைத் தர மாட்டார்கள். வாளியைத்தான் தருவார்கள். தண்ணீர் சுமந்து, ஊற்றி, அடியிலிருக்கும் அழுக்கை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்து, தண்ணீரின் வாசனை பழகிய பிறகுதான் மீன் பக்கம் போக விடுவார்கள். இன்றைக்கும் ஒரு குளத்தின் ஓரத்தில் நின்று மூச்சை இழுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் அடியில் சேறு கெட்டுக் கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

புதுக் குளம் கட்டுபவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப மீன் விடலாம்?" என்பதுதான். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் மீன் ஓட வேண்டும் என்பார்கள். புதுச் சிமென்ட் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிரப்பிய தண்ணீரின் பி.ஹெச். 10-ஐத் தாண்டும். அதில் மீனை விட்டால் செவுள் வெந்துபோகும். இதற்குக் கொளத்தூரில் நாங்கள் செய்வது வாழைமரத் தண்டு வைத்தியம். மரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நீர் நிரப்பிய குளத்தில் போட்டு, பத்து நாள் போல ஊற விடுவோம். அழுகும் தண்டிலிருந்து வரும் அமிலம் சுண்ணாம்பின் காரத்தை முறிக்கும். நாற்றம் தெருமுனை வரை போகும். "இவ்ளோ செலவு பண்ணி இந்த நாத்தத்தையா கட்டினோம்?" என்று ஒரு வீட்டில் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு வடித்து, அலசி, மறுபடி நிரப்பி, மறுபடி வடித்து, சொட்டு மருந்து விட்டு பி.ஹெச். பார்த்து எட்டுக்குப் பக்கத்தில் வந்தால்தான் அடுத்த வேலை.

அடுத்த வேலை என்பது சும்மா இருப்பது. வாங்கும் காசுக்கு இதை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பது பெரும் பாடு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. மீனுக்கு அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதைச் செடி தின்னும். இந்த பாக்டீரியாக்கள் சுவரிலும் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டிக் குடும்பம் நடத்த நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். "சைக்கிள் ஆகணும்" என்போம் எங்கள் தொழிலில். நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. காரம் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியதாகிறது. ஆகவே இந்த ஆறு வாரத்தில் நாலைந்து கப்பிகளுக்கு மேல் நான் விடுவதில்லை.

இப்போது தேய்ப்பதற்கு வருகிறேன். நம் வீடுகளில் தண்ணீர் இருக்கும் இடத்தை மாதம் ஒருமுறை வடித்துத் தேய்த்துக் கழுவுவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். குடிநீர்த் தொட்டிக்கு அது சரி. குளத்துக்கு அதே கையை வைத்தால் அந்த ஆறு வாரக் குடித்தனம் ஒரே காலையில் காலி. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கி வைத்துவிட்டு, மூன்றாம் நாள் மீன் செத்துவிட்டது என்று போன் செய்வார்கள். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது கிருமியைக் கொல்லத்தான் போடப்பட்டிருக்கிறது. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. பஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே ஒரு வாளியில் முக்கி இரண்டு முறை பிழிந்தால் போதும், பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த வாளித் தண்ணீரை வாழைக்கு ஊற்றச் சொல்வேன். வருடம் ஒருமுறை அடிச் சேற்றில் பாதியை எடுத்துத் தென்னைக்கு வைப்பேன், மீதிப் பாதியைத் தொடுவதில்லை.

தண்ணீர் மாற்றுவது என்றால் வாரம் பத்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் ஐந்தில் ஒரு பங்கு. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கும் ஹைப்போ போட்டு விடுகிறோம், இல்லாவிட்டால் தொட்டியில் ஒருநாள் திறந்து வைத்து விடுகிறோம். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரி வராமல் குடத்தோடு ஜனங்கள் நின்ற மாதங்களில், குளத்துக்கு நீர் ஊற்றுவதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆவியான அளவுக்கு மட்டும், அதுவும் காய்கறி கழுவிய தண்ணீரில் தேறியதை ஊற்றச் சொன்னேன். தீனியைப் பாதியாகக் குறைத்தோம். செடி நிறைந்த பழைய குளங்கள் அந்தக் கோடையைத் தாண்டின. நீல டைல்ஸ் ஒட்டி, செடியே வேண்டாம், பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கட்டிய குளங்களில் மீன்களைப் பிடித்து வேறு இடம் மாற்ற வேண்டியிருந்தது.

நீல டைல்ஸ் எனக்குப் பிடிக்காது. கறுப்புத் தரையில் தங்க மீன் ஜொலிக்கும், நீலத்தில் வெளிறும். அதோடு வெளிச்சமான தரை, மேலே பறக்கும் மடையானுக்கு மீனைத் தட்டில் வைத்துக் காட்டுகிறது.

"தண்ணி பச்சையாயிடுச்சு" என்பதுதான் எனக்கு அதிகம் வரும் போன். பச்சை நிறம் மட்டும் மீனைக் கொல்வதில்லை. பண்ணைகளில் குஞ்சு வளர்க்கும்போது அதைத் தேடிப் பிடித்து உண்டாக்குகிறோம். வெயிலும் உரச்சத்தும் இருந்து, அதைத் தின்னச் செடி இல்லையென்றால் நுண்பாசி தின்கிறது, அவ்வளவுதான். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடியிருந்தால் பச்சை தானாக இறங்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துச் சென்னையின் மரங்களைச் சாய்த்தபோது, அதன் பின்விளைவு என் தொழிலில் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. வருடக்கணக்கில் நிழலில் தெளிவாக இருந்த குளங்கள் மாசி வெயிலில் பச்சை பிடித்தன. குளத்தில் எதுவும் மாறவில்லையே என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். குளத்துக்கு மேலே மாறியிருந்தது. அந்த வருடம் மருந்து எதுவும் விற்காமல் அல்லிக் கிழங்காக விற்றேன்.

யு.வி. விளக்கு வைத்தால் பச்சை போகும், மறுப்பதற்கில்லை. மின்சாரக் கட்டணமும் வருடத்துக்கு ஒரு பல்பும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

செடி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நர்சரியில் தரும் தேங்காய் நார்க் கலவையில் அல்லியை வைத்துக் குளத்தில் இறக்கினால், நார் மிதந்து வந்து ஃபில்டரை அடைக்கும். ஓட்டையில்லாத அகலச் சட்டி, ஏரிக் களிமண் அல்லது வயல் மண், அடியில் நன்றாக மக்கிய சாணம் ஒரு பிடி, மேலே இரண்டு விரல்கடை ஆற்று மணல், அதன்மேல் கூழாங்கல். மணலும் கல்லும் சாணச்சத்து நேராக நீரில் கரையாமல் தடுக்கும், மீன் மண்ணைக் கிளறாமலும் தடுக்கும். தாமரைக் கிழங்கைப் படுக்கையாக வைத்து முளை நுனியை மட்டும் மண்ணுக்கு மேலே விட வேண்டும். அந்த நுனி ஒடிந்தால் பெரும்பாலும் கிழங்கு அழுகும். கொரியரில் கிழங்கு வாங்குபவர்கள் பிரித்தவுடன் நுனியைப் பாருங்கள். விதை போடுவதானால் ஒரு முனையை உப்புத்தாளில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும். தேய்க்காவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். ஜப்பானில் ஓகா இச்சிரோ என்ற தாவரவியலாளர் 1951-ல் சிபாவில் பழைய சேற்றுப்படிவிலிருந்து எடுத்த, சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழையதெனக் கருதப்பட்ட தாமரை விதை முளைத்து அடுத்த ஆண்டே பூத்தது. அந்த ஓடு அவ்வளவு கெட்டி. இன்னொன்று, இணையத்தில் நீலத் தாமரை விதை என்று படம் போட்டு விற்பதை வாங்காதீர்கள். தாமரையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, அமெரிக்க இனத்தில் மஞ்சள், இவற்றின் கலப்புகள் உண்டு. நீலம் அல்லியில்தான் உண்டு.

தாமரைக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். வாஸ்துப்படி ஈசானிய மூலையில்தான் குளம் என்று சொல்லும் வீடுகளில், கிழக்கு வெயில் கிடைத்தால் நல்லதே. பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பிவிட்டால் வாஸ்து இருக்கும், தாமரை இருக்காது. நிழலான இடத்துக்கு நான் தாமரையை விட்டுவிட்டு அல்லியில் நிழல் தாங்கும் வகைகளைத் தருவேன். அதிலும் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய் இரவு ஏழுக்கு வருபவர்கள் பகலில் பூக்கும் அல்லியை வைத்தால், ஞாயிற்றுக்கிழமை தவிர மொட்டைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு இரவில் பூக்கும் சிவப்பு அல்லி. அந்தி சாயும்போது விரிந்து மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு மூடும். ஒரு பூ மூன்று நாலு நாள் இப்படித் திறந்து மூடி, பிறகு தண்ணீருக்குள் போய்விடும். ஐ.டி. வேலைக்குப் போகும் ஒரு தம்பதி வீட்டில் இப்படி மாற்றி வைத்த பிறகு, "அண்ணே, இது எங்க ஷிஃப்டுக்கு வேலை செய்யுது" என்று அந்தப் பெண் சிரித்தார்.

அல்லி இலையில் அசுவினி பிடித்தால் உடனே வேப்பெண்ணெய் அடிக்கக் கை போகும். இயற்கை மருந்துதானே என்பார்கள். மீனுக்கு அது ஆகாது. இலையை ஒரு கல் வைத்து இரவு முழுக்க நீருக்குள் அமுக்கி வைத்தால் அசுவினி மிதக்கும், மீன் தின்றுவிடும். அதேபோல் கொசுப்புகை வண்டி தெருவில் வரும் சத்தம் கேட்டால் குளத்தின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடுங்கள். கொசு மருந்துகளில் பைரித்ரம் வகை மீனுக்குக் கடும் விஷம். டெங்கு சோதனைக்கு வருபவர்கள் குளத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். மீன் இருக்கும் நீரில் அவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தாலும் புழு கிடைக்காது. ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்த காலிச் சட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும்தான் கிடைக்கும்.

கொசுவுக்காக மீன் என்றால் கப்பி போதும். கம்பூசியா வேண்டாம். 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க மீன் அது. கொசுப்புழுவைத் தின்பது உண்மை, கூடவே மற்ற மீனின் துடுப்பையும் குஞ்சையும் தின்கிறது. நம் ஏரி மடைகளில் தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தில் நிற்கும் சிறு மீன் ஒன்று உண்டு. அதுவும் புழு தின்னும். சந்தையில் அதற்கு விலை இல்லாததால் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எல்லோரும் கேட்பது கோய். கோய், ஜப்பானில் பனி கொட்டும் நீகாட்டா மலைக் கிராமங்களில் உருவான மீன். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். சென்னை மே மாதத்தில் ஆழமில்லாத குளம் அதையும் தாண்டிச் சுடும். மீனுக்கோ சூட்டில் பசியும் மூச்சும் கூடுகிறது. எட்டுக்கு ஆறு, இரண்டரை அடி ஆழக் குளத்தில் ஏறத்தாழ 3,400 லிட்டர் பிடிக்கும். அதில் விரல் நீளக் கோய் முப்பது விட்டால் முதல் வருடம் அழகாக இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டடி வளரக்கூடிய மீன் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அல்லிச் சட்டியையும் அது தோண்டிக் கவிழ்க்கும். இந்த அளவுக் குளத்துக்கு ஏழெட்டுத் தங்க மீன், ஒரு கூட்டம் கப்பி என்று சொன்னால் முகம் வாடிப்போகும். நான் மாற்றிக்கொள்வதில்லை.

ஆக்சிஜன் பஞ்சம் விடியற்காலையில்தான் வரும். பகலெல்லாம் ஆக்சிஜன் தரும் செடியும் பாசியும் இரவில் அதையே எடுத்துக்கொள்கின்றன. நாலு மணி, ஐந்து மணிக்குக் குளத்தில் அது ஆகக் குறைந்திருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடிக்கிறது என்று விடியலில் போன் வந்தால், "அக்கா, ஒரு வாளிய எடுத்து அந்தத் தண்ணியையே மொண்டு உயர இருந்து ஊத்துங்க, அரை மணி நேரம் ஊத்துங்க, தீனி போடாதீங்க" என்பேன். ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து நாலு நாள் மேகம் மூடினால் பகலில்கூட ஆக்சிஜன் சேராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. பம்ப் நின்ற குளங்களில் வாளியால் மொண்டு ஊற்றியே மீனைக் காப்பாற்றியவர்கள் உண்டு. பேட்டரியில் ஓடும் சின்ன ஏரேட்டர் ஒன்றைப் புரட்டாசியிலேயே வாங்கி வைக்கச் சொல்வேன். மழைக்கு முன் வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். இல்லையென்றால் பெருமழை இரவில் மீன் தெருவுக்குப் போய்விடும்.

தீனி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, அவ்வளவே. கோயில் குளத்தில் பொரி போட்ட கை வீட்டுக் குளத்திலும் போடும். வரும் விருந்தாளி ஒவ்வொருவரும் ஒரு பிடி போடுவார்கள். பண்டிகை முடிந்த வாரம் எனக்கு வேலை அதிகம்.

புது மீன் வாங்கினால் மூன்று வாரம் தனித் தொட்டி. தங்க மீனோடு வரும் ஊசிப்புழுவும் மீன் பேனும் குளத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியேற்றுவது லேசில்லை. வெண்புள்ளி நோய்க்குக் கல்லுப்பு நல்ல மருந்து, ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ வரை தங்க மீன் தாங்கும். செடி தாங்காது. ஆகவே நோய் கண்ட மீனைத் தொட்டிக்கு மாற்றி அங்கே உப்புப் போட வேண்டும். குளத்தில் மூட்டையைக் கவிழ்த்தால் அல்லியை இழப்போம், பிறகு பச்சை வரும், பிறகு எனக்குப் போன் வரும். புதுச் செடியும் பத்துப் பதினைந்து நாள் வாளியில் இருந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதன் வேரில் தும்பியின் இளம்புழு ஒளிந்திருக்கும். அந்தப் புழு மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும்.

மடையான், மீன்கொத்தி, ராத்திரியில் வரும் வக்கா, பூனை. வலை கட்டினால் போகும், வலை கட்டிய குளத்தைப் பார்க்க யாருக்கும் பிடிப்பதில்லை. ஓரம் சரிவாக இல்லாமல் செங்குத்தாக இறங்கினால் மடையானுக்கு நிற்க இடமில்லை. அடியில் இரண்டு மூன்று மண் குழாய்த் துண்டுகளைப் போட்டால் மீன் பதுங்கும். இரண்டு மீன் போனால் போகட்டும் என்பது என் கட்சி. தண்ணீர்ப் பாம்பு வந்தால் மட்டும் வீடே அலறும். உடம்பில் கட்டம் போட்ட அது விஷமில்லாதது, தவளைக்காக வந்தது, தானே போகும். எனக்குப் பதில் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சில வருடமாக இன்னொரு வகை அழைப்பு அதிகமாகிறது. பெரியவர்கள் காலமாகி, வீட்டை அடுக்குமாடிக்குக் கொடுத்துவிட்டார்கள், குளத்தை என்ன செய்வது? அல்லிக் கிழங்கைப் பிரித்தால் பத்து வீட்டுக்குப் போகும். தங்க மீனையும் கப்பியையும் தெரிந்த கடைகள் எடுத்துக்கொள்ளும். பெரிய கோய்க்கு இன்னொரு பெரிய குளம்தான் வழி. சிக்கல் டேங்க் கிளீனரோடுதான். பாசி தின்னும் என்று சாண் நீளத்தில் வாங்கி விட்ட அந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தி ஒன்றரை அடி வளர்ந்து, முள் தோலோடு அடியில் கிடக்கும். எந்தக் கடையும் திரும்ப வாங்காது. பாவம் உயிராயிற்றே என்று பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது கரையைத் துளைத்துப் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, பிடிபட்டாலும் விலை போகாத மீனாகக் கரையில் காய்கிறது. ஆகாயத்தாமரையும் ஒருகாலத்தில் அழகுக்கென்று தொட்டிகளில் வைத்ததுதான்.

ஆகவே வீட்டை இடிக்கத் தேதி குறித்தவுடன் எனக்கு ஒரு மாதம் முன்னாடியே சொல்லுங்கள். மீனுக்கு இடம் தேட அவ்வளவு நாள் வேண்டும். ஜேசிபி கேட்டுக்கு வெளியே வந்து நின்ற பிறகு கூப்பிட்டால், பிடிக்க ஆள் கிடைப்பார்கள், கொண்டுபோய் வைக்க இடம் கிடைக்காது.